ஷர்வினின் இடது கை

வெள்ளம் வந்த அந்த வாரத்தில், சாப்பாட்டுப் பொட்டலங்களை வேனில் ஏற்றிக்கொண்டு நான் முதன்முதலாக அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பினாங்கு ஆற்றை ஒட்டி நிற்கும் மாடிக் கட்டடம். பள்ளியை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும், பூட்டைத் திறந்து ஜனங்களைக் கொண்டுவந்து தங்க வைத்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே காயாத துணி, தைலம், டெட்டால், எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றுச் சேற்றின் வாடை. மற்றபடி பயப்படுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

என் பெயர் சுலைஹா. சூலியா தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவள் என்பதால், யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். காசு கொடுக்காமல் நழுவப் போகிறவனை அவன் கை கழுவும் அவசரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். இதுவரை நான் சந்தேகப்பட்டு ஏமாந்ததில்லை.

என்னை அந்த மேல்மாடிக்கு இழுத்துப் போட்டவள் ஜெகதீஸ்வரி. என் பள்ளித் தோழி; எனக்கு ஜெகா. வெள்ளம், தீ, நிலச்சரிவு என்று ஊரே நிலைகுலைந்து கிடக்கும்போது, அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளின் மனதைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. முறையாகப் படித்தவள். நல்லவள். மேல்மாடியில் ஒரு வகுப்பறையைப் பெருக்கி, பாய்களை விரித்து, கலர் பென்சில்களும் பந்துகளும் வைத்துப் பிள்ளைகளுக்கான இடமாக மாற்றியிருந்தாள். ஆள் போதவில்லை.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் சுலை. சும்மா பக்கத்துல உக்காரு, போதும்லா" என்றாள்.

சும்மா உட்காரவும் விதிகள் இருந்தன. என்ன நடந்தது என்று பிள்ளையைக் கேட்கக் கூடாது. வீட்டில் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று கேட்கவே கூடாது. அழாதே என்று சொல்லக் கூடாது. அதுவாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பெற்றவர்களையும் கிண்டக் கூடாது.

"கேக்காம எப்படித் தெரியும்?" என்றேன்.

"நமக்குத் தெரிய வேணாம். இப்ப பயமில்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

எங்கள் கடைக் கல்லா எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு இது நேர் எதிர். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கேதான் ஷர்வினைப் பார்த்தேன். ஆறு வயது இருக்கும். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். மற்ற பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஆற்றைப் பார்த்த பின்பக்கச் சன்னலடியில் உட்கார்ந்திருப்பான். கூட இருந்தது அப்பா முகுந்தன் மட்டும்தான். லோரி ஓட்டுபவன். மெலிந்த, சிரிக்காத முகம். தினமும் மத்தியானம் பிள்ளையைப் பக்கத்துப் பாய்க்காரர்களிடம் விட்டுவிட்டு எங்கேயோ போவான். சாயங்காலம் திரும்பி வருவான். எங்கே போனாய் என்று கேட்டால் விதி மீறல்.

அம்மா அவனோடு இல்லை. அந்த வாரத்தில், அந்தக் கட்டடத்தில், அம்மா கூட இல்லாத பிள்ளை என்றால் அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

வெயில் தாழ்ந்ததும் ஜெகா பிள்ளைகளைப் பாயில் படுக்க வைப்பாள். கண்ணை மூடி, மூச்சை மெல்ல இழுத்து விடச் சொல்வாள். பிறகு மனதுக்குள் ஒரு இடத்துக்குப் போகச் சொல்வாள். யாரும் அடிக்க முடியாத, தண்ணீர் வர முடியாத, அவரவருக்குப் பிடித்த இடம். பயம் வரும்போதெல்லாம் அந்த இடத்துக்குப் போய் வரலாம், அங்கே யாரை வேண்டுமானாலும் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது பயிற்சி. ஒரு பெண் தன் மாமாவின் கெரெத்தாவில், அந்தக் காரின் பின்சீட்டில் இருப்பதாகச் சொன்னாள். இன்னொருவன் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மணலுக்குள் கால் புதைத்துக்கொண்டு இருந்தான். கேட்க எனக்கே ஆசையாக இருந்தது.

அப்போதுதான் ஷர்வின் பேசினான்.

"படிக்கட்டு."

ஜெகா அசையவில்லை. என்னைப் பார்த்து மட்டும் விரலை உதட்டில் வைத்தாள். பிறகு பட்டுப் போன்ற அந்தக் குரலில் கேட்டாள். "படிக்கட்டுல யாரு இருக்காங்க ஷர்வின்?"

"அம்மா."

"அம்மா என்ன பண்றாங்க?"

"கீழ நிக்கிறாங்க. கைய நீட்டறாங்க."

ஜெகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "உனக்கு ஆசையா இருந்தா பிடிச்சுக்கலாம்யா."

அவன் இடது கை பாயிலிருந்து மெல்ல உயர்ந்தது. விரல்கள் மடங்கின.

"பயம் வரும்போது அந்தக் கையப் பிடிச்சுக்கோ. விடாத" என்றாள் ஜெகா.

பயிற்சி முடியும்வரை அந்தக் கை இறங்கவே இல்லை. நான் பிள்ளை பெற்று வளர்த்தவள். எந்தப் பிள்ளையாவது கையை அந்தரத்தில் அத்தனை நேரம் வைத்திருக்குமா? தோள் நடுங்க வேண்டும், விரல் தளர வேண்டும். அவன் கையில் பாரமே தெரியவில்லை. மணிக்கட்டு சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தது. கடைத்தெருவில் பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகளின் கை அப்படித்தான் இருக்கும்.

முடிந்ததும் அவன் உள்ளங்கையைத் துடைத்துவிட்டேன். சொதசொதவென்று ஈரம்.

"வேர்வைலா" என்றாள் ஜெகா. அவள் சந்தோஷத்தில் இருந்தாள். வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்துவிட்டதே.

மறுநாளும் அவன் பேசினான். அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம் பேசினான். அம்மா தலைமுடி நீளம் என்றான். அம்மா மேலே வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றான்.

"அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொல்றாங்களா?"

"வாயத் தொறந்தா தண்ணி வருது டீச்சர்."

ஜெகா தலையை ஆட்டி ஆறுதலாகக் கேட்டுக்கொண்டாள். வெள்ளத்தில் பார்த்தது உள்ளேயிருந்து வெளியே வருகிறது, வரட்டும், நல்லதுதான் என்று பிறகு எனக்கு விளக்கினாள்.

ஆனால் என் காதில் வேறொன்று விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மூச்சை அடக்கும் அந்த அமைதியில், பின்பக்கப் படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம் வரும்.

சளப்.

பிறகு கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

ஈரக் காலைச் சிமெண்டில் வைக்கும் சத்தம். அந்தப் படிக்கட்டு மேல்மாடியிலிருந்து நேராக ஆற்றுத் துறைக்கு இறங்குகிறது. யாரும் புழங்குவதில்லை. கடல் ஏறும் நேரத்தில் ஆறும் ஏறிக் கீழ்ப்படிகளை மூடிவிடும். முதல் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, தண்ணீருக்கு மேலேயும் கொஞ்சப் படிகள் நனைந்திருந்தன. மறுநாள் ஈரம் நடுமேடை வரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் எங்கள் வகுப்பறை வாசலில், கதவுக்கு வெளியே, ஒரு சின்னக் குட்டை தேங்கி நின்றது. கூரை ஒழுகவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன்.

எவனோ ஆற்றுப் பக்கமாக வந்து, கதவுக்கு வெளியே நின்று, பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்கிறான்.

என் சந்தேகம் முகுந்தன் மேல் விழுந்தது. மத்தியானம் காணாமல் போகிறவன் அவன். யாரோடும் பேசாதவன் அவன். பிள்ளை வாய் திறந்தால் யாருக்கு ஆபத்து? எதையோ மறைக்கிற அப்பனுக்குத்தானே? பொண்டாட்டி வெள்ளத்தில் போனாளா, இல்லை வெள்ளத்தைச் சாக்கு வைத்து வேறு ஏதாவது நடந்ததா என்றுகூட என் புத்தி ஓடியது. அப்படி ஓடியதற்காக நான் வெட்கப்படவில்லை. அன்று மாலையே ஷர்வினின் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். சுற்றிலும் சிவப்பாகக் கன்றிப்போயிருந்தது. கயிற்றாலோ துணியாலோ இறுகக் கட்டினால் விழும் தடம் அது.

நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். விதியாவது ஒன்றாவது.

"தம்பி, பிள்ள கையில என்ன காயம்?"

முகுந்தன் தோளில் கிடந்த துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். "நான்தான் கட்டறேன்கா. இருட்ட ஆரம்பிச்சா எழுந்து அந்தப் படி பக்கம் போறான். கூப்பிட்டா காதுல விழமாட்டேங்குது. அவன் கைய என் கையோட சேத்துக் கட்டிக்கிட்டாதான் நான் கண்ணசர முடியுது."

"எதுக்கு அங்க போறான்?"

"தெரியலக்கா. அங்க யாருமே இல்ல."

சொல்லும்போது அவன் பார்வை என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டுக் கதவுக்குப் போய்த் திரும்பியது. பேசும்போது கண் நகர்ந்தால் அங்கே ஏதோ சரியில்லை. இது எனக்குப் பாலபாடம்.

ஜெகாவிடம் சொன்னேன். அவள் அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிள்ளையின் உடம்பில் கட்டிய தடம் இருந்தால் அவள் மேலதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னாள். மறுநாள் மாலை சமூக நல இலாகாவிலிருந்து நோர்மா என்ற அதிகாரி வந்தார். தன்மையான பெண்மணி. முகுந்தனைக் கீழே ஒரு அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். விசாரணை முடியும்வரை பிள்ளை எங்கள் பொறுப்பு.

அப்பா கட்டியிருந்த துண்டின் முடிச்சு இன்னும் ஷர்வினின் மணிக்கட்டில் இருந்தது. ஜெகா முட்டி போட்டு உட்கார்ந்து அதை அவிழ்த்தாள். "இனிமே உன்னை யாரும் கட்ட மாட்டாங்க, சரியா?"

ஷர்வின் தலையாட்டினான். அவளைப் பார்த்து ஆட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், யாரையோ பார்த்து ஆட்டினான்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கீழே பெண்கள் கூச்சல் போட, பிள்ளைகள் சிரிக்க, ஜெகா டார்ச் லைட்டைத் தேடினாள். யாரோ போனில் வெளிச்சம் காட்டினார்கள். அவ்வளவு நேரம்தான்.

ஷர்வினின் பாய் காலியாக இருந்தது.

படிக்கட்டுக் கதவு திறந்திருந்தது.

நான்தான் முதலில் ஓடினேன். வெளியே இன்னும் முழுதாக இருட்டவில்லை. சாம்பல் வெளிச்சம். ஆற்றின் வாடை முகத்தில் அறைந்தது. சேறு மட்டும் இல்லை. மூடிய அறையில் நாட்கணக்காக ஊறிய துணியின் வாடையும் அதில் கலந்திருந்தது. நடுமேடைக்கு இறங்கித் திரும்பியதும் அவனைப் பார்த்தேன்.

தண்ணீருக்குள் இருந்தான். இடுப்பளவு.

இடது கை மேலே தூக்கியிருந்தது.

ஒரு படி இறங்கினான். நிதானமாக, வழுக்காமல், யாரோ பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போவதைப் போல. தண்ணீர் மார்புக்கு வந்தது.

"ஷர்வின்!"

திரும்பவில்லை.

எனக்குப் பின்னால் வந்த ஜெகா அவனைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பயிற்சிக் குரலை எப்படியோ வரவழைத்தாள். "ஷர்வின், கண்ணத் தொற. அம்மா கைய விட்டுட்டு மேல வாய்யா."

அவன் நின்றான். தலை மட்டும் மெல்லத் திரும்பியது. கண்கள் மூடியிருந்தன.

"விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்."

இன்னொரு படி.

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முகுந்தன் பாய்ந்தான். கூச்சல் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்திருக்கிறான். கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைப் பின்னாலிருந்து வாரிக் கட்டிக்கொண்டு இழுத்தான். பிள்ளையின் உடம்பு அவனோடு வந்தது. இடது கை வரவில்லை. தோளிலிருந்து விரல் வரை ஒரே கோடாக நீண்டு, ஆற்றைப் பார்த்து விறைத்து நின்றது. பெரிய ஆம்பளை, லோரியில் மூட்டை ஏற்றுகிறவன், இரண்டு கையாலும் இழுக்கிறான். வரவில்லை. பிள்ளை வலியில் கத்தினான்.

நான் இறங்கி முகுந்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் சொன்னேன்.

எது விட்டதோ தெரியாது. திடீரென்று விட்டது. மூவரும் படியில் மல்லாந்து விழுந்தோம்.

ஆற்றில் ஒரு சுழிகூட இல்லை.

மேலே வந்து பிள்ளையைத் துவட்டிப் போர்த்திய பிறகுதான் ஜெகா அழ ஆரம்பித்தாள். "பாவம், அம்மாகிட்ட போகணும்னு தவிக்கிறான். இறந்துபோன அம்மாவ எந்தப் பிள்ளதான் மறக்கும்..."

முகுந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு இறந்தது?"

ஜெகா என்னைப் பார்த்தாள்.

"என் பொண்டாட்டி ரூபினி உயிரோடதான் இருக்கா. சிம்பாங் அம்பாட் ஃபேக்டரியில வேல. மழையன்னைக்கு அங்க சுவரு சரிஞ்சி கால் ஒடஞ்சிருச்சி. கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. தெனமும் மத்தியானம் ஃபெரி ஏறிப் போய்ப் பாத்துட்டு வர்றேன்." மகன் பக்கம் திரும்பினான். "இவன்கிட்டயும் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறான். அம்மா இங்கதான் இருக்காங்கன்னு சொல்றான். நீங்க கண்ண மூடி ஏதோ வெளயாட்டு சொல்லிக் குடுத்த பிறகுதான் இப்படி."

"எங்ககிட்ட ஏன் சொல்லல தம்பி?" என்றேன்.

"யாராச்சும் கேட்டீங்களாக்கா?"

ஜெகா வாயைப் பொத்திக்கொண்டாள். முகுந்தன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில். வெறும் பயம்.

"யார் கையப் பிடிக்கச் சொன்னீங்க டீச்சர்?"

மறுநாள் காலையிலேயே, நோர்மாவிடம் சொல்லிவிட்டு, என் கெரெத்தாவில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஃபெரி வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பாலம் வழியாகப் போனோம். பாலத்தின் மேல் ஷர்வின் சன்னலோரம் உட்கார்ந்து கீழே கடலைப் பார்த்தபடியே வந்தான். நான் கண்ணாடியில் அவனைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல வெளிச்சம். நர்ஸுகள் நடமாட்டம், டிவி சத்தம். காலில் கட்டோடு ரூபினி படுத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பிள்ளையைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டி "வாடா என் தங்கம்" என்று விசும்பினாள்.

ஷர்வின் வாசலிலேயே நின்றான். அவளைப் பார்த்தான். பிறகு தன் இடது பக்கம் அண்ணாந்து பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். எந்த மிட்டாய் தன்னுடையது என்று பார்க்கும் பிள்ளையைப் போல இரண்டு பக்கமும் பார்த்தான். ரூபினியின் கைகள் நீட்டியது நீட்டியபடியே இருந்தன.

"அம்மா" என்று ஓடிப்போய் அவள் மேல் விழுந்தான்.

நாங்கள் எல்லோரும் அழுதோம். நானும்தான். சந்தேகப்படுகிறவளுக்கும் கண்ணீர் உண்டு.

ஜெகா அத்தோடு விடவில்லை. தான் திறந்ததைத் தானே மூட வேண்டும் என்றாள். அம்மாவின் கட்டிலிலேயே அவனைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். அந்தப் படிக்கட்டுக்குப் போகச் சொன்னாள். அங்கே நிற்பது அம்மா இல்லை, அம்மா இங்கேதான் இருக்கிறார்கள் என்று மெல்ல எடுத்துச் சொன்னாள். "இப்ப அவங்களுக்கு பை சொல்லிட்டு, மேல ஏறி வந்து, கதவச் சாத்திரு."

அவன் இடது கை உயர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. உதடு அசைந்தது. "பை."

கை இறங்கியது.

ஜெகா பெருமூச்சு விட்டாள். அதன்பிறகு அவன் நன்றாகப் பேசினான், சாப்பிட்டான், மற்ற பிள்ளைகளோடு சண்டை போட்டான். படிக்கட்டுப் பக்கம் போகவே இல்லை. படிகளும் காய்ந்துவிட்டன. நான் தினமும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் வீடுகளைக் கழுவிக் குடியேறினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை மறுபடி பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளில் இவ்வளவு சீக்கிரம் தேறியவன் ஷர்வின்தான் என்று ஜெகா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். தன்னால் கெட இருந்தது தன்னாலேயே நேரானதில் அவளுக்கு நிம்மதி. எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டால் என் புத்தி அப்படி என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவரும் எங்கள் கடைக்கு வந்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்கள். ரூபினி லேசாகக் கால் தாங்கி நடந்தாள். முகுந்தன் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பட்டர்வொர்த்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்களாம். ஆற்றங்கரையே வேண்டாம் என்று முடிவு.

நானே பரிமாறினேன். ஷர்வின் கோழிக் காலை ஒரு கை பார்த்தான். கன்னம் உப்பியிருந்தது. பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. ஆனால் இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தான். தண்ணீர்க் கோப்பையைக்கூடச் சோற்றுக் கையால்தான் தூக்கினான்.

"அந்தக் கையில வலியா?" என்று ரூபினியிடம் கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லக்கா. ரோட்டுல நடக்கும்போது அந்தக் கைய மட்டும் தர மாட்டான். தூங்கும்போதுகூட நான் இந்தப் பக்கம்தான் படுக்கணும். செல்லம் கொஞ்சறான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவர்கள் கை கழுவப் போனபோது நான் ஷர்வினின் பக்கத்தில் குனிந்தேன். இந்தத் தடவை கேட்டேன். கேட்காமல் பட்டதெல்லாம் போதும்.

"ஷர்வின், அன்னைக்கு ஆஸ்பத்திரியில பை சொன்னியே. அவங்க போயிட்டாங்களா?"

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "இல்ல ஆன்ட்டி."

"ஏன்?"

"நான் கைய விட்டா அவங்களுக்குப் பயமா இருக்குமாம்."

சாதாரணமாகச் சொன்னான். பெரிய மனுஷனைப் போல, அடுத்தவரின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டவனைப் போலச் சொன்னான். இது எந்தப் பயிற்சியாலும் போகாது. அவன் பயந்து பிடித்திருந்தால் விடுவிக்கலாம். இரக்கப்பட்டல்லவா பிடித்திருக்கிறான்!

அதற்குள் ரூபினி திரும்பி வந்துவிட்டாள். நான் என்ன சொல்ல? உன் பிள்ளையின் மறுபக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்று சொல்வதா? சலாம் போட்டு, நன்றி சொல்லி, மூவரும் வெளியே இறங்கினார்கள். நண்பகல். சூலியா தெரு முழுக்க வெயில், டூரிஸ்டுகள், மோட்டார் சைக்கிள்கள். முகுந்தன் முன்னால் நடந்தான். ரூபினி ஷர்வினின் வலது கையைப் பிடித்திருந்தாள். அவன் இடது கை உயர்ந்து, மணிக்கட்டு வளைந்து, வெறுங்காற்றில் நின்றது. எதிரே வந்த ஒரு சீனக் கிழவர், காரணம் தெரியாமலே, அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கி வழிவிட்டார்.

அவர்கள் கடல் பக்கமாகத் திரும்பினார்கள்.

ஃபெரி.

கல்லாவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். என் கணவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் நிற்கவில்லை. தெருமுனையில் மூச்சிரைக்க அவர்களைப் பிடித்துவிட்டேன்.

"இருங்க, நான் கெரெத்தாவுல கொண்டு விடறேன். பாலத்துல போயிரலாம்."

"எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்? ஃபெரியில காத்து நல்லா இருக்கும். இவனுக்கு ஃபெரின்னா உசுரு. மேல நின்னு தண்ணியப் பாத்துக்கிட்டே வருவான்" என்றான் முகுந்தன்.

"அப்ப நானும் வர்றேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். ஒரு பக்கம் அம்மா பிடித்திருக்கிறாள். இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளையை யாரும் எங்கேயும் இறக்கிக்கொண்டு போக முடியாது. அது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு, குனிந்து, ஷர்வினின் இடது கையைப் பற்றினேன்.

அவன் விரல்கள் எனக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் மேல் வேறு விரல்கள் மூடியிருந்தன.

குளிர்ந்து, ஊறி, நொய்ந்துபோன பெரிய விரல்கள். என் கை பட்டதும் அவை ஒருமுறை திடுக்கிட்டன. நான் இழுத்துக்கொள்வதற்குள், மெல்ல விரிந்து, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன.